இறக்கை சுருங்குவதற்கு முன்பே உண்ணியை எண்ணுங்கள்

முதல் முறை அந்தத் தேனீயைப் பெட்டி வாசலில் பார்த்தபோது, மழையில் நனைந்து இறக்கை ஒட்டிக்கொண்டது போல என்றுதான் நினைத்தேன். தரையில் நடந்துகொண்டே இருந்தது, எழும்பிப் பறக்கவே இல்லை. கையில் எடுத்துப் பார்த்தால் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் வெங்காயச் சருகு மாதிரி சுருண்ட இரண்டு துணுக்கு, வயிறும் குட்டை. உடனே பெட்டியைத் திறந்தேன். அடை கட்டிய மரச் சட்டம் ஒவ்வொன்றிலும் தேனீ, தேனும் நிறைய, ராணியும் முட்டையிட்டுக்கொண்டிருந்தாள். சரி, இவ்வளவு பெரிய குடும்பத்தில் ஒன்றிரண்டு நோஞ்சான் இருக்கத்தானே செய்யும் என்று மூடிவிட்டு வந்துவிட்டேன். ஏழெட்டு வாரம் கழித்துத் திறந்தபோது தேன் அப்படியே இருந்தது, தேனீக்களைத்தான் காணோம். ஒரு கைப்பிடி அளவு தேனீ ராணியைச் சுற்றி ஒண்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அந்தத் தேனீயின் இறக்கையைச் சுருக்கியது ஒரு வைரஸ். அந்த வைரஸை அதன் உடம்புக்குள் செலுத்தியது வரோவா என்ற உண்ணி. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறக்கை சுருங்குகிறது என்றால், காரியம் பல வாரங்களுக்கு முன்பே கெட்டுப் போயிருக்கிறது. அதனால் பெட்டியின் அழகைப் பார்த்து முடிவு செய்யாமல், மாதம் ஒரு முறை உண்ணியை எண்ணுங்கள். ஏன், எப்படி, எண்ணியபின் என்ன செய்வது என்பதை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

உண்ணி உள்ளே என்ன செய்கிறது

வரோவா உண்ணியின் பெண் செம்பழுப்பு நிறம், நண்டு ஓடு மாதிரி தட்டையாக, நீளத்தைவிட அகலம் அதிகமாக இருக்கும். அகலம் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். சின்னதுதானே என்று தோன்றும், ஆனால் தேனீயின் உடம்போடு ஒப்பிட்டால், நம் முதுகில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு உண்ணி ஒட்டிக்கொண்டிருப்பது போல. பெரும்பாலும் வயிற்றின் அடிப்பக்கத் தகடுகளுக்கு இடையில் செருகிக்கொண்டு இருப்பதால், தேனீயின் மேல் அதைத் தேடினால் அகப்படாது. 'என் பெட்டியில் உண்ணியே இல்லை, நான் பார்த்ததே இல்லை' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, அதைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் விஷயம்.

அது பெருகுவது அடையில் புழு வளரும் மூடிய அறைக்குள்தான். புழு வளர்ந்து, வேலைக்காரத் தேனீக்கள் அறைக்கு மெழுகு மூடி போடுவதற்குச் சற்று முன்னால் தாய் உண்ணி உள்ளே நழுவி, புழுவுக்கு வைத்த உணவுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். மூடியபின் வெளியே வந்து, கூட்டுப்புழுவின் உடம்பில் ஒரு துளை போட்டுக் குடிக்க ஆரம்பிக்கும். ஏறக்குறைய மூன்று நாள் கழித்து முதல் முட்டை, அது ஆண். பிறகு 30 மணி நேரத்துக்கு ஒன்றாகப் பெண் முட்டைகள். அண்ணனும் தங்கைகளும் அந்த அறைக்குள்ளேயே கூடிவிடுவார்கள். தேனீ மூடியைக் கடித்துக்கொண்டு வெளியே வரும்போது தாயும், வளர்ந்து முடித்த மகள்களும் அதன் மேல் ஏறிக்கொண்டு வெளியே வரும். ஆண் உண்ணியும், முழுதாக வளராதவையும் உள்ளேயே சாகும்.

வேலைக்காரத் தேனீயின் அறை 12 நாள் மூடியிருக்கும், ஆண் தேனீயின் அறை 14, 15 நாள். இந்த இரண்டு மூன்று நாள் வித்தியாசம் உண்ணிக்குப் பெரிய லாபம், இன்னொரு மகள் வளர்ந்து முடிக்க நேரம் கிடைத்துவிடுகிறது. அதனால் ஆண் தேனீ அறை இருக்கும் வரைக்கும் உண்ணி அதையே பல மடங்கு அதிகமாக நாடும். இதைப் பிறகு நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம்.

இந்த உண்ணி முதலில் ஆசியத் தேனீயோடு, அதாவது ஏபிஸ் செரானாவோடு, வாழ்ந்து வந்தது. அங்கே இரண்டுக்கும் ஒரு சமாதானம் உண்டு. ஆசியத் தேனீயின் வேலைக்காரப் புழுக்களில் உண்ணி பெருக முடிவதில்லை, தேனீக்களும் ஒன்றையொன்று துடைத்து உண்ணியைக் கடித்துத் தள்ளும். ஐரோப்பியத் தேனீயான ஏபிஸ் மெல்லிஃபெராவுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. போன நூற்றாண்டின் நடுவில் உண்ணி அதன் மேல் தாவியது, பெட்டிகளோடு பெட்டியாக உலகம் சுற்றியது. 1987-இல் அமெரிக்கா, 1992-இல் பிரிட்டன், 2000-இல் நியூசிலாந்து, கடைசியாக 2022-இல் ஆஸ்திரேலியா. நீங்கள் வளர்ப்பது மெல்லிஃபெரா என்றால், பெட்டியில் உண்ணி இருக்கிறது என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

வைரஸ் எங்கே சேர்கிறது

இறக்கைச் சிதைவு வைரஸ் உண்ணி வருவதற்கு முன்பும் இருந்தது. உணவு வழியாக, ராணியின் முட்டை வழியாகப் பரவி, பெரிய தொந்தரவு இல்லாமல் கூட்டின் ஒரு மூலையில் கிடந்தது. வாய் வழியாகப் போகும் வைரஸைத் தேனீயின் குடல் ஓரளவு தடுத்துவிடும். உண்ணி அந்தத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போகிறது, ஊசி போடுவது போல வைரஸை நேராக உடம்புக்குள் இறக்குகிறது, அதுவும் இறக்கையும் வயிறும் உருவாகிக்கொண்டிருக்கும் கூட்டுப்புழுப் பருவத்தில். ஹவாய்த் தீவுகளில் இதைக் கண்ணெதிரே பார்த்தார்கள். உண்ணி சில தீவுகளுக்கு வந்துவிட்டது, சில தீவுகளுக்கு வரவில்லை. உண்ணி இல்லாத இடத்தில் பத்துப் பெட்டியில் ஒன்றில் இருந்த வைரஸ், உண்ணி வந்த இடத்தில் கிட்டத்தட்ட எல்லாப் பெட்டியிலும் இருந்தது, அதோடு பல வகையாக இருந்த வைரஸில் ஒரு வகை மட்டும் ஓங்கி மற்றவை அடங்கிப் போயிருந்தன. 2012-இல் வெளியான அந்த ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

உண்ணி தேனீயின் ரத்தத்தைக் குடிக்கிறது என்றுதான் பல காலம் சொல்லி வந்தார்கள். 2019-இல் சாமுவேல் ராம்சே குழு வெளியிட்ட ஆய்வு, வளர்ந்த தேனீயில் அது முக்கியமாகத் தின்பது கொழுப்புத் திசுவை என்று காட்டியது. இது சின்னத் திருத்தம் போலத் தோன்றினாலும் விஷயம் பெரிது. தேனீயின் கொழுப்புத் திசு நமக்குக் கல்லீரல் மாதிரி, நஞ்சை முறிப்பது, உணவைச் சேமிப்பது, நோய் எதிர்ப்பு எல்லாம் அங்கேதான். ஆக உண்ணி ஒரு பக்கம் வைரஸை உள்ளே விடுகிறது, இன்னொரு பக்கம் அதை எதிர்க்க வேண்டிய இடத்தையே அரிக்கிறது.

அப்புறம் இன்னொன்று. உண்ணி கடத்தும் வைரஸ் இது மட்டும் இல்லை. கடும் முடக்க வைரஸ், இஸ்ரேலிய கடும் முடக்க வைரஸ், காஷ்மீர் தேனீ வைரஸ் என்று ஒரு கூட்டமே உண்டு, அவை இன்னும் கொடியவை, கூட்டுப்புழுவைச் சீக்கிரமே கொன்றுவிடும். ஆனால் கூட்டுப்புழு செத்தால் உள்ளே இருக்கும் உண்ணிக் குடும்பமும் வளர முடியாமல் அழியும். இறக்கைச் சிதைவு வைரஸ் அப்படிக் கொல்லாது, தேனீ உயிரோடு வெளியே வரும், உண்ணிகளும் கூடவே வரும். கொல்லாமல் விடுவதால்தான் கூட்டுக்கு அது இவ்வளவு ஆபத்து.

இறக்கை சுருங்கியவை அந்த வைரஸ் தொற்றிய தேனீக்களில் ஒரு பகுதிதான். மீதி எல்லாம் பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் ஆயுள் குறையும், வயதுக்கு முன்பே வெளி வேலைக்குப் போகும், வழியைக் கற்பதும் நினைவில் வைப்பதும் மங்கும். போனது திரும்பி வராது. 'தேனீ எல்லாம் பெட்டியை விட்டு ஓடிவிட்டது' என்று பலர் சொல்வதில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான் என்பது என் எண்ணம், வாசலில் பிணம் கிடக்காததால் நாம் நோய் என்று நினைப்பதில்லை.

எண்ணுவது எப்படி

நான் நம்புவது ஆல்கஹால் கழுவல் ஒன்றைத்தான். சர்க்கரைப் பொடி முறையில் தேனீ சாகாது, அதையும் சொல்கிறேன், ஆனால் அதில் எண்ணிக்கை குறைவாகக் காட்டும் வாய்ப்பு அதிகம்.

மூடாத புழுவும் மூடிய அறையும் கலந்திருக்கும் ஒரு சட்டத்தை எடுங்கள். உண்ணிக்குப் பிடித்தது புழுவுக்கு உணவூட்டும் இளம் தேனீ, அது இருப்பது அங்கேதான். தேன் சட்டத்திலிருந்து எடுத்தால் கணக்கு பொய்யாகிவிடும். எடுத்த சட்டத்தில் ராணி இருக்கிறாளா என்று இரண்டு பக்கமும் நிதானமாகப் பாருங்கள், இரண்டு தடவை பாருங்கள். ராணி வேறு சட்டத்தில் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. பிறகு சட்டத்தை ஒரு பேசினுக்குள் உதறி, பேசினை ஒரு மூலைக்குச் சாய்த்துத் தட்டினால் கிழத் தேனீக்கள் பறந்துவிடும், இளம் தேனீக்கள் கீழே குவியும். அதிலிருந்து அரைக் கப், சுமார் 120 மில்லி அளவு, மொண்டால் ஏறக்குறைய 300 தேனீ.

அதை ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஊற்றிய வாயகன்ற புட்டியில் போட்டு மூடி, ஒரு நிமிடம் சுழற்றிச் சுழற்றி ஆட்டுங்கள். மூடியில் உண்ணி மட்டும் விழுகிற மாதிரி மூன்று மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை வைத்து, ஒரு வெள்ளைத் தட்டில் வடியுங்கள். தேனீ மேலே தங்கிவிடும். தட்டின் அடியில் செம்பழுப்பாக, நீள்வட்டமாகக் கிடப்பவை எல்லாம் உண்ணி. முதல் தடவை எனக்கு மெழுகுத் துணுக்குக்கும் உண்ணிக்கும் வித்தியாசம் தெரியவில்லை, ஊசி முனையால் புரட்டிப் பார்த்தேன், புரட்டியதும் எட்டுக் கால் தெரிந்தது. இன்னொரு முறை ஆல்கஹால் ஊற்றி ஆட்டி வடியுங்கள், முதல் கழுவலில் எல்லாம் விழாது.

300 தேனீயைக் கொல்வது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, எனக்கும் இன்னும் அப்படித்தான். ஆனால் நன்றாக இருக்கும் ராணி ஒரே நாளில் ஆயிரம் முட்டைக்கு மேல் இடுவாள், இந்த இழப்பு அரை நாளில் ஈடாகிவிடும். மனம் ஒப்பாதவர்கள் அதே 300 தேனீயின் மேல் இரண்டு மேசைக்கரண்டி மாவாகப் பொடித்த சர்க்கரையைத் தூவி, புட்டியை மெல்ல உருட்டி, இரண்டு மூன்று நிமிடம் நிழலில் வைத்துவிட்டு, வலை வழியே ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கித் தட்டில் கொட்டுங்கள், சர்க்கரையில் தண்ணீர் ஊற்றினால் உண்ணி தெளிவாகத் தெரியும். தேனீயைப் பெட்டிக்கே திருப்பிவிடலாம். ஈரக் காற்றில் சர்க்கரை கட்டிபிடித்துவிட்டால் இந்த முறை வேலை செய்யாது.

அடிப்பலகையில் ஒட்டும் அட்டை வைத்து விழுந்ததை எண்ணுவதும் உண்டு. மருந்து போட்டபின் உண்ணி விழுகிறதா என்று பார்க்க அது போதும், பெட்டியின் நிலையை மதிப்பிட அதை நம்ப மாட்டேன்.

இப்போது கணக்கு. 300 தேனீக்கு ஒன்பது உண்ணி விழுந்தால் நூற்றுக்கு மூன்று. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் புழு இருக்கும் காலத்தில் பாதிக்கு மேல் உண்ணி மூடிய அறைக்குள் இருக்கிறது, நாம் எண்ணுவது வெளியே இருப்பதை மட்டும். 20,000 தேனீ உள்ள பெட்டியில் நூற்றுக்கு மூன்று என்றால் தேனீக்களின் மேல் 600, உள்ளே அதைப் போல இரண்டு மடங்கு இருந்தால் மொத்தம் 1,800. புழு வளர்ப்பு நடக்கும் வரை உண்ணி மாதத்துக்கு இரு மடங்காகும் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் நூற்றுக்கு இரண்டு வந்ததும் நான் மருந்துக்குத் தயாராகிவிடுவேன், மூன்று வந்தால் அந்த வாரமே.

எப்போது என்பதுதான் முக்கியம்

பூக்காலத்தில் தேனீயும் பெருகும், உண்ணியும் பெருகும், விகிதம் மெல்லத்தான் ஏறும், பெட்டி பார்க்க அமோகமாக இருக்கும். பூ ஓய்ந்ததும் ராணி முட்டையைக் குறைப்பாள், தேனீ எண்ணிக்கை இறங்கும், ஆண் தேனீ அறையும் நின்றுவிடும். உண்ணி இறங்காது. அத்தனை உண்ணியும் இருக்கிற கொஞ்சம் வேலைக்காரப் புழுக்களின் மேல் வந்து விழும். ஒரே மாதத்தில் நூற்றுக்கு இரண்டு என்பது நூற்றுக்கு எட்டாக மாறுவது இப்படித்தான். என் முதல் பெட்டிக்கு நடந்ததும் இதுவேதான், நான் பார்த்த அன்று அது உச்சியில் இருந்தது.

குளிர் காலம் உள்ள இடங்களில் இது இன்னும் கடுமை. அங்கே அடுத்த வசந்தம் வரை மாதக்கணக்கில் வாழ வேண்டிய, கொழுப்புச் சேர்த்த தேனீக்கள் அந்தச் சமயத்தில்தான் அறைக்குள் வளர்கின்றன. அவற்றை வளர்க்கும் செவிலித் தேனீக்களே நோயாளிகள் என்றால் பிறப்பதும் நோயாளிதான். எனவே அந்தத் தலைமுறை முட்டையாக இருக்கும்போதே உண்ணி இறங்கியிருக்க வேண்டும்.

மருந்து போட்டதும் உண்ணி விழும், வைரஸ் விழாது. ஏற்கெனவே தொற்றிய தேனீக்கள் செத்து, புதிய தலைமுறை ஒன்றிரண்டு வரும் வரை இறக்கை சுருங்கியவை வந்துகொண்டே இருக்கும். இதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று மேலும் மேலும் போட்டுக் கெடுத்தவர்கள் உண்டு. பொறுங்கள், மறுபடி கழுவி எண்ணுங்கள், எண்ணிக்கை சொல்லும்.

எதைப் போடுவது

வைரஸுக்கு நேரடி மருந்து கிடையாது. உண்ணியைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

ஆக்ஸாலிக் அமிலம் தேனீ மேல் இருக்கும் உண்ணியைக் கொல்லும், மெழுகு மூடியைத் தாண்டாது. மூடிய அறையே இல்லாத நேரத்தில் போட்டால் அற்புதமாக வேலை செய்யும், புழு நிறைந்த பெட்டியில் ஒரு தடவை போட்டால் பாதிக்கு மேல் உண்ணி தப்பிவிடும். ஃபார்மிக் அமிலம் மூடியைத் தாண்டி உள்ளேயும் போகும், அதுதான் அதன் பெருமை, ஆனால் பகல் வெப்பம் 30 டிகிரி அளவைத் தாண்டினால் ராணியையும் புழுவையும் இழக்க நேரிடும். தைமாலுக்கும் வெப்பம் பார்க்க வேண்டும், குளிரில் ஆவியாகாது, கடும் வெயிலில் தேனீயை வாசலுக்குத் துரத்தும். அமிட்ராஸ் என்ற உண்ணிக்கொல்லி சேர்த்த பட்டைகள் வாரக்கணக்கில் உள்ளே தொங்கும், அதனால் புழு இருந்தாலும் வேலை செய்யும். ஃப்ளுவாலினேட், கௌமாஃபாஸ் என்ற உண்ணிக்கொல்லிகள் இரண்டுக்கும் பல இடங்களில் உண்ணி எதிர்ப்புப் பெற்றுவிட்டது, அமிட்ராஸிலும் அது தலைகாட்டுகிறது. ஒரே மருந்தையே திரும்பத் திரும்பப் போடாதீர்கள், காலம் முடிந்ததும் பட்டையை வெளியே எடுத்துவிடுங்கள்.

அளவு, நாள், மேலே தேன் பெட்டி இருக்கலாமா கூடாதா என்பதெல்லாம் லேபிளில் இருப்பது போலவே. உங்கள் நாட்டில் தேனீக்கு அனுமதித்த தயாரிப்பை மட்டும் வாங்குங்கள், வயலுக்கு அடிக்கும் அமிட்ராஸைக் கலந்து அட்டையில் தோய்த்துப் போடும் வேலை வேண்டாம், தேன் நம் வாய்க்குள் போகிற பொருள். அமிலம் ஆவியாக்கும்போது கண்ணாடி, கையுறை, அமில ஆவிக்கான முகமூடி மூன்றும் கட்டாயம்.

மருந்தில்லாத வழியில் நான் அதிகம் செய்வது ராணியைச் சிறு கூண்டில் அடைத்து வைப்பது. 24, 25 நாள் அடைத்தால் ஆண் தேனீ உட்பட எல்லாப் புழுவும் தேனீயாகி வெளியே வந்துவிடும், உண்ணிக்கு ஒளிய இடமே இருக்காது. அந்த நாளில் ஒரு தடவை ஆக்ஸாலிக். இரண்டும் சேர்ந்தால் கிடைக்கும் பலன் தனித்தனியாகக் கிடைக்காது. ஆண் தேனீ அடையைப் பொறியாக்குவது இன்னொரு வழி: அதற்கென ஒரு சட்டம் வைத்து, அறைகள் மூடியபின், ஆண் தேனீ வெளியே வருவதற்குள் எடுத்து உறையவைத்துவிட வேண்டும். நாளைத் தவறவிட்டால் நாமே உண்ணிப் பண்ணை நடத்தியதாகிவிடும், அதனால் நாட்காட்டியில் குறித்து வைக்க முடியாதவர்கள் இதைத் தொடாதீர்கள்.

மற்றவை, சுருக்கமாக

டிரோபிலேலாப்ஸ் என்ற உண்ணி வரோவாவைவிடச் சிறியது, ஒல்லியானது, அடை மேல் வேகமாக ஓடும். மலைத்தேனீயிடமிருந்து வந்தது. பெருகுவதில் இன்னும் வேகம், ஆனால் வளர்ந்த தேனீயின் மேல் அதற்கு உணவில்லை, புழு இல்லாவிட்டால் சில நாளில் செத்துவிடும், அதனால் ராணியை அடைப்பது இதற்கு மிக நல்ல வழி. மூச்சுக்குழலில் வாழும் அகாரபிஸ் உண்ணியை நுண்ணோக்கி இல்லாமல் பார்க்கவே முடியாது.

மயிர் உதிர்ந்து, எண்ணெய் தடவிய கறுப்பாக, வாசலில் நடுங்கிக்கொண்டு நிற்கும் தேனீ நாள்பட்ட முடக்க வைரஸைக் காட்டும். இது நெரிசலில், தேனீயோடு தேனீ உரசிப் பரவுவது, இடம் கொடுங்கள். புழு படகு மாதிரி தலை தூக்கிக்கொண்டு, ஊசியால் எடுத்தால் தண்ணீர்ப் பை மாதிரி வந்தால் சேக்புரூட் வைரஸ். ஆசியத் தேனீ வளர்ப்பவர்கள் வரோவாவைவிட இதன் தாய்லாந்து வகைக்குத்தான் பயப்பட வேண்டும், நோயுற்ற குடும்பத்துச் சட்டத்தை இன்னொன்றுக்கு மாற்றவே கூடாது.

ஒரு பெட்டி சாய்ந்துவிட்டால் முதல் வேலை, வாசலை அடைப்பது. இல்லாவிட்டால் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் தேனைக் கொள்ளையடிக்க வந்து, மிச்சமிருக்கும் உண்ணியை முதுகில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும். அடுத்து, புழு இருந்த சட்டம் ஒன்றை எடுத்து, தலைகீழாகப் பிடித்து, வெயிலில் சாய்த்து அறைகளுக்குள் பாருங்கள். அறையின் மேற்சுவரில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது உண்ணியின் கழிவு. என் முதல் பெட்டியில் ராணி என்ன ஆனாள், மருந்தடித்த வயலுக்குப் போனதா என்றெல்லாம் பல நாள் யோசித்துவிட்டு, கடைசியில்தான் அந்தச் சட்டத்தைத் திருப்பிப் பிடித்தேன். நடுவில் கையகல இடத்தில், கிட்டத்தட்ட ஒவ்வொரு அறையிலும் வெள்ளைப் பொட்டு இருந்தது.